அடுத்த பாகம் வரும்வரை: தொடர்படங்களும் காத்திருப்பின் இரு வகைகளும்

1. கேள்வி

2015 ஜூலை 10 அன்று வெளியான 'பாகுபலி' முதல் பாகம், கட்டப்பாவின் வாள் அமரேந்திர பாகுபலியின் முதுகில் பாய்வதோடு நின்றது. இரண்டாம் பாகம் 2017 ஏப்ரல் 28 அன்றுதான் திரைக்கு வந்தது. இடைப்பட்ட ஏறத்தாழ இருபத்திரண்டு மாதங்களில், கட்டப்பா ஏன் பாகுபலியைக் கொன்றான் என்பது படம் பார்க்காதவர்களுக்கும் தெரிந்த ஒரு விடுகதையாகிவிட்டது. அந்தக் காத்திருப்பைப் பற்றி இதுவரை பேசப்பட்டவற்றில் பெரும்பகுதி அதன் அளவைப் பற்றியது: எத்தனை பேர் காத்திருந்தார்கள், முதல் நாள் எவ்வளவு வசூலாயிற்று, உலகளவில் ஆயிரம் கோடி ரூபாயைக் கடந்த முதல் இந்தியப் படம் என்ற பெருமை எப்படிக் கிடைத்தது. காத்திருந்த பார்வையாளர் அந்தக் காலம் முழுவதும் மனத்துக்குள் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது அதிகம் கேட்கப்படவில்லை. இக்கட்டுரை அதைக் கேட்கிறது.

என் வாதம் இது. அடுத்த பாகத்துக்கான காத்திருப்பில் இரண்டு வகைகள் உண்டு. முதல் வகை கதைக்குள் பிறக்கிறது. பார்த்த படமே ஒரு புதிரை விட்டுச்செல்ல, அதை அவிழ்ப்பதற்குரிய பொருள்களும் அந்தப் படத்திலேயே இருக்கின்றன. அங்கே பார்வையாளர் ஏன் என்றும் எப்படி என்றும் கேட்கிறார். இரண்டாம் வகை அறிவிப்பில் பிறக்கிறது. அங்கே அவர் எப்போது வரும், யார் நடிக்கிறார் என்று கேட்கிறார். முதல் வகை பார்த்த படத்தை நோக்கித் திரும்பிச் சென்று அதைச் செழுமைப்படுத்துகிறது. இரண்டாம் வகை பார்த்த படத்தை ஒரு முன்னறிவிப்பாகச் சுருக்குகிறது. கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பெரும் தொடர்படங்கள் முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு நகர்ந்துவந்திருக்கின்றன. அந்த நகர்வு பார்வையாளரின் உழைப்பை மதிக்காத நகர்வு என்பதே என் மதிப்பீடு.

2. முன்னிருக்கும் விளக்கங்கள்

கலாசாரத் தொழில் பற்றி அடோர்னோவும் ஹோர்க்ஹைமரும் 1940களில் முன்வைத்த விமர்சனம் இவ்விஷயத்தில் இன்றும் முதலில் நினைவுக்கு வருவது. நுகர்வோருக்கு வாக்களித்துக்கொண்டே இருப்பதும், வாக்களித்ததைத் தராமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பதும் அத்தொழிலின் இயல்பு என்றார்கள் அவர்கள். இந்தப் பார்வையில் அடுத்த பாகம் என்பது தள்ளிப்போடலின் தூய வடிவம். எதிர்த்திசையில், வாசிப்புக் கோட்பாட்டாளர் வோல்ஃப்கங் ஈஸர் தொடர்கதைகளைப் பற்றிச் சொன்னது இருக்கிறது. இதழில் பகுதி பகுதியாக வந்தபோது சுவைத்த நாவல் நூலாக வந்தபின் அவ்வளவு சுவைக்காமல்போவதன் காரணத்தை அவர் இடைவெளியில் கண்டார். கதை அறுபடும் இடத்தில் வாசகரின் கற்பனை வேலை செய்யத் தொடங்குகிறது. அந்த வேலையால் வாசகர் படைப்பில் பங்காளியாகிறார். முன்னோட்டம், சுவரொட்டி, நேர்காணல் ஆகியவை படைப்புக்கு வெளியே நின்றாலும் அதன் பொருளை முன்கூட்டியே வடிவமைக்கின்றன என்பதை ழெரார் ழெனெத் நூல்களை முன்வைத்தும், ஜொனதன் கிரே 2010இல் திரைப்படம், தொலைக்காட்சி ஆகியவற்றை முன்வைத்தும் விளக்கினார்கள்.

இம்மூன்றில் எதையும் தள்ள முடியாது. ஆனால் அடோர்னோவின் பார்வைக்கும் ஈஸரின் பார்வைக்கும் இடையில் ஒரு சிக்கல் எழுகிறது: ஒரே இடைவெளி ஒருவருக்கு ஏமாற்றாகவும் இன்னொருவருக்குப் படைப்புக் களமாகவும் தெரிகிறது. இடைவெளி எல்லாம் ஒரே தன்மையுடையது என்று இரு தரப்பும் கருதிக்கொள்வதால் வரும் சிக்கல் இது. எந்த இடைவெளி, எதனால் திறக்கப்பட்டது, உள்ளே பார்வையாளர் கையில் என்ன கொடுக்கப்பட்டது என்று பிரித்துப் பார்த்தால் இருவர் சொல்வதும் தத்தம் இடத்தில் பொருந்துகிறது.

3. கதைக்குள் பிறக்கும் காத்திருப்பு

பாகுபலியின் புதிர் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கொலையாளி யார் என்பதை முதல் பாகம் மறைக்கவில்லை. கதையைச் சொல்லிக்கொண்டிருப்பவனே கொலையாளி, அவனே ஒப்புக்கொள்கிறான். அதற்கு முன் இவனைப் பற்றி நமக்கு என்னென்ன காட்டப்பட்டிருக்கின்றன? மகிழ்மதியின் சிம்மாசனத்துக்கு அடிமைப்பட்ட பரம்பரையில் வந்தவன். ஆயுதம் விற்க வரும் அயல்நாட்டு வணிகன் அவனுடைய வீரத்தில் வியந்து விடுதலை வாங்கித் தர முன்வரும்போது, முன்னோர் கொடுத்த வாக்கைக் காரணம் காட்டி மறுக்கிறான். பாகுபலியின் மகனை அடையாளம் கண்டதும் அவன் பாதத்தை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொள்கிறான். அரசவையில் ராஜமாதா சிவகாமியின் சொல்லே சாசனம் என்பதும் அழுத்திச் சொல்லப்படுகிறது. இவற்றை அடுக்கிப் பார்த்தவர்களுக்கு ஒரு முடிவு கிடைத்திருக்கும்: கொன்ற கை கட்டப்பாவுடையது, கொல்லச் சொன்ன மனம் வேறொருவருடையது. அரியணையைத் தவிர வேறெதற்கும் அந்தக் கை பணியாது.

அதாவது விடை முதல் பாகத்திலேயே பாதி இருந்தது. இரண்டாம் பாகம் அதை உறுதிசெய்கிறது: ஆணையிட்டவள் சிவகாமி, அவளை அந்த இடத்துக்குக் கொண்டுசென்றது அவள் மகன் பல்வாள்தேவனும் அவன் தந்தையும் பின்னிய சூழ்ச்சி. ஊகித்தவர்கள் ஏமாறவில்லை, ஏனெனில் ஊகம் சரியானதும் கேள்வி இன்னும் ஆழமான இடத்துக்குப் போய்விடுகிறது. தன் மகனுக்கும் மேலாக வளர்த்த பிள்ளையைக் கொல்ல ஒரு தாய் எப்படி ஆணையிட்டாள் என்பது, கட்டப்பா ஏன் கொன்றான் என்பதைவிடக் கனமான கேள்வி. காத்திருந்த காலத்தில் பார்வையாளர் செய்த யோசனை வீணாகவில்லை. அந்த யோசனைதான் இரண்டாம் பாகத்தின் நடுப்பகுதியைத் தாங்குகிறது. வெளியீட்டுக்கு முந்தைய மாதத்தில் சிவகாமியின் இளமைக்காலத்தை வைத்து ஆனந்த் நீலகண்டனின் நாவல் வந்ததும் இதே திசையில்தான். விளம்பரத்தின் பகுதியாகவே வந்தாலும், பார்வையாளரின் கவனத்தை அது கதைமாந்தரின் பக்கம் கொண்டுசென்றது.

'ஸ்டார் வார்ஸ்' வரிசையில் 1980 மே மாதம் வந்த 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' இதற்கு முந்தைய தெளிவான எடுத்துக்காட்டு. எதிரியான டார்த் வேடர் தானே லூக்கின் தந்தை என்று சொல்கிறான். 1983 மே மாதம் 'ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடாய்' வரும்வரை, அது உண்மையா பொய்யா என்று மூன்று ஆண்டுகள் வாதாட இடமிருந்தது. உண்மையென்றால் அதுவரை லூக்குக்கு வழிகாட்டிய கிழவர் ஏன் வேறு கதை சொன்னார் என்ற கேள்வி 1977இல் வந்த முதல் படத்துக்கே திரும்பிச் செல்கிறது. நல்ல இடைவெளி பார்வையாளரை முன்னோக்கித் தள்ளும்போதே பின்னோக்கியும் அனுப்புகிறது. தமிழில் 'விக்ரம்' 2022 ஜூன் 3 அன்று வெளியாவதற்கு முந்தைய நாள், 'கைதி'யை இன்னொரு முறை பார்த்துவிட்டு வாருங்கள் என்று அதன் இயக்குநர் லோகேஷ் கனகராஜ் பார்வையாளர்களைக் கேட்டுக்கொண்டதும் இந்த இயல்பை அறிந்த ஒரு வேண்டுகோள்தான். 2019 தீபாவளிக்கு வந்த 'கைதி' தன்னளவில் முடிந்த படம். ஓர் இரவில் தொடங்கி விடிவதற்குள் முடிந்துவிடுகிறது. அதன் போதைப்பொருள் கடத்தலும் சிறிய காவல் அதிகாரிகளும் புதிய ஒரு கதையின் வேராக மாறியபோது பழைய படத்துக்கு இன்னொரு வாசிப்பு கிடைத்தது.

4. அறிவிப்பில் பிறக்கும் காத்திருப்பு

2014 அக்டோபர் 28 அன்று ஹாலிவுட்டின் எல் கேபிடன் திரையரங்கில் மார்வெல் ஸ்டுடியோஸின் தலைவர் கெவின் ஃபைகி 2019 வரையிலான படங்களின் பட்டியலை நாள் குறித்து வெளியிட்டார். திரைப்பட வரலாற்றில் அது ஒரு திருப்பம். அதுவரை வரப்போகும் படங்களின் வரிசை ஒரு நிறுவனத்தின் அலுவலக ஆவணமாக இருந்தது. அன்று அதுவே ரசிகர்களுக்கான நிகழ்ச்சியாயிற்று. எழுதப்படாத, நடிகர்கள் முடிவாகாத படங்களுக்கும் மக்கள் ஆரவாரித்தார்கள். அப்பட்டியலில் 2018க்கு என அறிவிக்கப்பட்ட 'இன்ஹியூமன்ஸ்' திரைப்படமாக வரவேயில்லை. 2017இல் தொலைக்காட்சித் தொடராகத்தான் வந்தது.

பட்டியல் கதைக்குள் எப்படி நுழைகிறது என்பதற்கு 'அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்' சான்று. 2018 ஏப்ரலில் வந்த அந்தப் படத்தின் இறுதியில் உயிர்களில் பாதி தூசியாகி மறைகின்றன. மறைந்தவர்களில் ஸ்பைடர்மேன் ஒருவன். இரண்டு மாதங்களுக்கு முன்புதான் தனிப்படத்தில் உலகெங்கும் கொண்டாடப்பட்ட பிளாக் பேந்தர் இன்னொருவன். இறப்பின் அதிர்ச்சி பெரிதாகவே கட்டப்பட்டிருந்தது. ஆனால் ஸ்பைடர்மேனின் அடுத்த படம் 2019 ஜூலைக்கு ஏற்கெனவே அறிவிக்கப்பட்டிருந்தது. அடுத்த பாகமான 'எண்ட்கேம்' வெளிவருவதற்கு மூன்று மாதங்கள் முன்பே, 2019 ஜனவரியில், அவன் உயிரோடு ஐரோப்பாவில் சுற்றும் முன்னோட்டமும் வந்துவிட்டது. கதைக்குள் இறந்து கிடக்கும் ஒருவனின் மீட்சி வணிக அட்டவணையால் உறுதிசெய்யப்பட்டிருந்தது. மீள்வார்களா என்ற கேள்வி செத்துப்போய், எப்படி மீள்வார்கள் என்பது மட்டும் எஞ்சியது. 'எண்ட்கேம்' அந்த எப்படி என்பதை நன்றாகவே கையாண்டது என்பதை மறுக்கவில்லை. பழைய படங்களின் காட்சிகளுக்குள்ளேயே கதைமாந்தரை அனுப்பி, பத்தாண்டுப் பார்வை அனுபவத்தைப் பயன்படுத்திக்கொண்டது. ஆனாலும் இழப்பின் பொருள் பாதியாகக் குறைந்திருந்தது.

அதற்குப் பின் இந்தப் போக்கு மேலும் வளர்ந்தது. 2022இல் அடுத்த 'அவெஞ்சர்ஸ்' படத்தின் பெயரும் அதன் வில்லனும் அறிவிக்கப்பட்டன. 2024 ஜூலையில் இரண்டும் மாற்றப்பட்டன. புதிய வில்லனாக முகமூடியைக் கழற்றிக் காட்டியவர் ராபர்ட் டவுனி ஜூனியர். 'எண்ட்கேம்' படத்தில் டோனி ஸ்டார்க்காக உயிர்துறந்து, பார்வையாளர்களை அழவைத்தவர் அவர். அறிவிப்பு மேடையில் கதை எதுவும் சொல்லப்படவில்லை, யார் என்பது மட்டும் சொல்லப்பட்டது, அதுவே போதுமாக இருந்தது. 2025 மார்ச்சில் நடிகர்களின் பெயர் எழுதிய நாற்காலிகளை ஒவ்வொன்றாகக் காட்டும் நேரலை ஐந்து மணி நேரத்துக்கும் மேலாக ஓடியது. ஒரு முழுநீளப் படத்தைவிட அதிக நேரம் நாற்காலிகளின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பார்வையாளர்களைக் குறை சொல்லத் தோன்றவில்லை. அவர்களுடைய அன்பு உண்மையானது. அந்த அன்புக்கு யோசிப்பதற்கு எதுவும் கொடுக்கப்படவில்லை என்பதே குறை.

தமிழில் இதே நகர்வு வேறு முகத்தோடு நடந்திருக்கிறது. 'விக்ரம்' படத்தின் இறுதி நிமிடங்களில் சூர்யா ரோலக்ஸாக வந்தது பெரும் ஆரவாரத்தை எழுப்பியது. அந்தக் காட்சி எழுப்பும் கேள்வி முழுக்க யார் என்பதைச் சார்ந்தது: இவன் யாரை எதிர்கொள்வான், எந்தப் படத்தில், எப்போது? இதன் விளைவை 2023 அக்டோபர் 19 அன்று வந்த 'லியோ' சுமக்க நேர்ந்தது. 'லியோ'வுக்குத் தனக்கென ஒரு வலுவான கேள்வி இருந்தது: மலையூர் ஒன்றில் குடும்பத்தோடு வாழும் பார்த்திபன் உண்மையில் லியோ தாஸ்தானா? ஒரு மனிதன் தன் கடந்த காலத்தை மறைத்துவிட முடியுமா என்ற கேள்வி அது. படம் வெளியாவதற்கு முந்தைய மாதங்களில் இதைவிட அதிகம் பேசப்பட்டது, இந்தப் படம் 'கைதி'யையும் 'விக்ரம்' படத்தையும் இணைக்கும் லோகேஷின் திரையுலகத் தொடரில் சேருமா சேராதா என்பது. கடைசியில் விக்ரமின் குரல் தொலைபேசியில் ஒலிக்கும்போது அரங்கம் பெற்றது அந்த இரண்டாவது கேள்விக்கான விடையை. படத்தின் சொந்தக் கேள்வி அதற்கு ஓரமாக ஒதுங்கிக்கொண்டது. 2024 ஜூலை 12 அன்று வந்த 'இந்தியன் 2' இன்னும் தூரம் சென்றது. படம் முடிந்தவுடன் மூன்றாம் பாகத்தின் முன்னோட்டம் காட்டப்பட்டது. 1996இல் வந்த 'இந்தியன்' படத்தின் சேனாபதியை மீண்டும் காண இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து வந்தவரிடம், உண்மையான கதை இனிமேல்தான் என்று சொல்வது, அவர் அப்போதுதான் பார்த்து முடித்த மூன்று மணி நேரத்தைக் குறைத்துச் சொல்வதாகும். அதன்பின் ஓர் ஆண்டு கடந்தும் அந்த மூன்றாம் பாகம் திரைக்கு வரவில்லை.

தயாரிப்பாளர் ஏன் இந்த வழியைத் தேர்கிறார் என்பதற்கு வலுவான பொருளாதாரக் காரணங்கள் உள்ளன. பெரிய படத்தின் பணம் வெளியீட்டுக்கு முன்பே திரள வேண்டும்: ஓடிடி உரிமை, தொலைக்காட்சி உரிமை, வெளிநாட்டு உரிமை, ஏரியா வாரியாக விநியோகஸ்தர் தரும் முன்பணம், மினிமம் கேரண்டி. இவை எதுவும் கதையின் தரத்தைப் பார்த்து வருவதில்லை, ஏனெனில் கதை அப்போது யார் கண்ணிலும் பட்டிருக்காது. அறிந்த பெயரும் ஏற்கெனவே திரண்ட எதிர்பார்ப்புமே அங்கே ஈடு. திரையரங்கில் ஒரு படத்தின் ஆயுள் சில வாரங்களாகச் சுருங்கி, நான்கு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடும் நிலையில், முதல் மூன்று நாள் கூட்டம் உயிர்நாடி. இந்தச் சுமையை அறிவிப்பு தாங்குவதுபோல் புதிர் தாங்காது. புதிருக்கு நேரம் வேண்டும். படம் பார்த்தவர்கள் பேசிப் பேசித்தான் அது வளரும். இந்த நிர்ப்பந்தத்தைப் புரிந்துகொள்ளலாம். அதற்காக அதன் விளைவைக் கலையின் வெற்றி என்று எண்ண வேண்டியதில்லை.

5. மறுப்புகள்

முதல் மறுப்பு: கதை தெரிந்துவிட்டால் புதிருக்கு ஏது வேலை? 'பொன்னியின் செல்வன்' இதற்கு நேரடி விடை. 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்து, பின்னர் பல பதிப்புகளாக வீடுகளில் புழங்கிய நாவல் அது. 2022 செப்டம்பர் 30 அன்று வந்த முதல் பாகத்தின் முடிவில் கப்பல் மூழ்குகிறது. நந்தினியின் முகத்தோடு ஒரு மூதாட்டி கடலுக்குள் பாய்கிறாள். நாவல் படித்தவருக்கு அந்த ஊமைராணி புதிரே அல்ல. இருந்தும் 2023 ஏப்ரல் 28 வரை அவர்கள் காத்திருந்தார்கள். அவர்கள் காத்திருந்தது மணிரத்னம் எதை வைப்பார், எதை விடுவார் என்பதற்கு. கல்கி மங்கலாக விட்ட ஆதித்த கரிகாலனின் மரணத்தை எப்படிக் காட்டுவார்கள்? சேந்தன் அமுதனின் பிறப்பு ரகசியம் என்னாகும்? பின்னதைப் படம் விட்டுவிட்டது. நாவலில் அமுதன் ஏறும் அரியணையில் படத்தில் மதுராந்தகனே ஏறுகிறான். அந்தத் தேர்வைப் பற்றிக் கடுமையாக வாதாட முடிந்ததற்குக் காரணம், வாதாடியவர்கள் கையில் நாவல் இருந்தது. முடிவு தெரிவதால் சுவை கெடுவதில்லை என்பதற்கு ஆதரவாக 2011இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் சிறுகதைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு மேற்கோள் காட்டப்படுவதுண்டு. பின்வந்த ஆய்வுகள் எல்லாம் அதே முடிவைத் தரவில்லை என்பதால் அதன்மேல் அதிகச் சுமை வைக்க மாட்டேன். பொன்னியின் செல்வனின் அனுபவமே எனக்குப் போதும்.

இரண்டாம் மறுப்பு: எல்லா எதிர்பார்ப்பும் தொழில் உற்பத்தி செய்ததுதான், வகை பிரிப்பது வீண். 2010 பொங்கலுக்கு வந்த செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்' இதை ஏற்க விடுவதில்லை. வந்தபோது படம் பெரிய வரவேற்பைப் பெறவில்லை. சோழ வாரிசான குழந்தையோடு நாயகன் தப்பிச் செல்லும் முடிவை ஆண்டுக்கணக்கில் பேசிப் பேசி, அடுத்த பாகம் வேண்டுமென்று கேட்டது பார்வையாளர்கள்தான். விளம்பரச் செலவு எதுவும் அதன் பின்னால் இல்லை. தொழில் பின்னால் வந்தது: 2021 புத்தாண்டு அன்று, தனுஷ் நடிக்க 2024இல் வெளியாகும் என்ற சுவரொட்டி வந்தது. 2024 கடந்துபோனது, படம் வரவில்லை. அறிவிப்புக்கு முன் அந்தக் குழந்தை எங்கே போயிற்று, சோழர் குலம் என்ன ஆகும் என்று பேசியவர்கள், அறிவிப்புக்குப் பின் எப்போது தொடங்கும் என்று மட்டும் கேட்கத் தொடங்கினார்கள். ஒரே படத்தின் வாழ்நாளுக்குள் முதல் வகைக் காத்திருப்பு இரண்டாம் வகையாக மாறியதை இங்கே காண முடிகிறது.

மூன்றாவது மறுப்பு இன்னும் நியாயமானது: இதழ்களில் வாராவாரம் தொடரும் என்று போட்டு வாசகரைக் காக்கவைத்தது மட்டும் வணிகம் இல்லையா? வணிகம்தான். ஆனால் அந்த வணிகத்துக்கு ஒரு நேர்மை இருந்தது. அடுத்த வாரம் என்றால் அடுத்த வாரம். அத்தியாயத்தின் விலை அத்தியாயத்தின் அளவுக்கு. அரைகுறைப் பகுதி என்று வாங்குபவருக்கும் தெரியும். இரண்டரை மணி நேரப் படத்துக்கு முழு விலை வாங்கிக்கொண்டு, முடிவை இரண்டு ஆண்டுகளுக்கு அப்பால் வைப்பவர், முதல் பாதியைத் தன்னளவில் ஒரு படமாகவும் தரக் கடமைப்பட்டவர். அரங்கில் ஒன்றாகக் கூடி, அறிந்த முகம் திரையில் தோன்றும்போது ஆர்ப்பரிக்கும் மகிழ்ச்சியையும் நான் சிறுமைப்படுத்தவில்லை. தமிழ்த் திரையரங்கில் அது நெடுங்கால வழக்கம். அந்த மகிழ்ச்சி ஒரு படத்தின் உச்சத்தில் வரலாம், படத்துக்கு மாற்றாக நிற்க முடியாது.

6. பிரிப்புக்கு அடங்காத ஒரு படம்

என் பிரிப்பைச் சோதிக்கும் படம் வெற்றிமாறனின் 'விடுதலை'. ஜெயமோகனின் 'துணைவன்' சிறுகதையிலிருந்து ஒரே படமாகத் தொடங்கி, படப்பிடிப்பில் வளர்ந்து இரண்டாயிற்று. 2023 மார்ச் 31 அன்று வந்த முதல் பாகம் குமரேசன் என்னும் கடைநிலைக் காவலரின் மனச்சாட்சியைப் பின்தொடர்ந்து, காவல்துறை தேடும் போராளித் தலைவர் பெருமாள் வாத்தியாரின் கைதோடு முடிந்தது. இரண்டாம் பாகத்தின் காட்சிகளும் இறுதியில் காட்டப்பட்டன; அந்த அளவில் அதுவும் அறிவிப்புதான். ஆனால் அரங்கைவிட்டு வெளியேறியவர் சுமந்த கேள்வி அந்தக் காட்சிகளில் பிறந்ததல்ல: கிராமத்துப் பெண்களை நிர்வாணமாக அடைத்துவைத்த ஒரு படையின் சீருடையில், தான் பிடித்துக்கொடுத்த மனிதனை இப்போது என்ன கண்ணோடு குமரேசன் பார்ப்பான்? 2024 டிசம்பர் 20 அன்று வந்த இரண்டாம் பாகம் பெரும்பகுதி நேரத்தைப் பெருமாளின் கடந்த காலத்துக்கும் அவருடைய அரசியல் உரையாடல்களுக்கும் கொடுத்தது. குமரேசன் கேட்பவனாகப் பின்னால் போய்விட்டான். இதைத் திசைமாற்றம் என்று சிலர் குறைகூறினார்கள். முதல் பாகம் எழுப்பிய கேள்விக்கு இது நேர்விடை இல்லை என்பதில் அவர்கள் சொல்வது சரி. ஆயினும் ஒரு காவலன் மாற வேண்டுமானால் முதலில் எதிரியென்று கற்பிக்கப்பட்டவனின் வாழ்க்கையை முழுதாகக் கேட்டாக வேண்டும் என்ற முடிவு கதைக்குள்ளிருந்தே வருகிறது. அந்த நீண்ட உரையாடல்கள் திரைமொழியில் தளர்வானவை என்று நானும் கருதுகிறேன். இருபது மாதம் குமரேசனைப் பற்றி யோசித்துவந்தவருக்கு அந்தத் தளர்ச்சி இன்னும் கூடுதலாகவே உறைக்கும். அப்படி உறைப்பதற்குக் காரணமான யோசனையை முதல் பாகமே அவருக்குக் கொடுத்திருந்தது.